உங்கள் கல்வித் தத்துவத்தைத் தேடி எடுப்பது எப்படி: குமரி மாவட்ட ஆசிரியர்களுக்கு

பி.எட். படித்த காலத்தில் எல்லோருமே எழுதியிருப்போம். கருத்துக்கொள்கை, இயற்கைக் கொள்கை, பயனளவைக் கொள்கை என்று வரிசையாக நெட்டுரு போட்டு, ரூசோவை ஒன்றில், டூயியை இன்னொன்றில் சொருகி, மார்க் வாங்கிவிட்டு வந்திருப்போம். வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆனபின் யாராவது "உங்க கல்வித் தத்துவம் என்ன சார்?" என்று கேட்டால் "மாணவர்களின் முழு ஆளுமை வளர்ச்சி" என்று வாய் தானாகச் சொல்கிறது. அதைச் சொல்லாத ஆசிரியரே கிடையாது, ஆகவே சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

தத்துவம் எதற்கு, ஒழுங்காகப் பாடம் நடத்தினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. என்ன நடத்த வேண்டும் என்பதைப் பாடநூல் சொல்லிவிடும், எந்த பீரியட் என்பதை டைம்டேபிள் சொல்லிவிடும், மிச்சமிருக்கிற நேரத்தைப் பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளம் வாங்கிக்கொள்ளும். ஆனால் ப்ரேயர் முடிந்து இருபது நிமிடம் கழித்து ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால் அதன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இருக்காது. அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்களோ அதுதான் உங்கள் தத்துவம், பெயர் வைக்காவிட்டாலும். பெரும்பாலும் நாமாகத் தேர்ந்தெடுத்ததும் கிடையாது, யாரிடமிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்தது. அதை வெளியே எடுத்துப் பார்த்து, வைத்துக்கொள்ள வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுவது எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் புத்தகத்தைத் திறக்காதீர்கள்

பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாரம் குறித்து வாருங்கள். கருத்து எதுவும் வேண்டாம், செய்ததை மட்டும். யாரிடம் கேள்வி கேட்டீர்கள், பதிலுக்கு எவ்வளவு நேரம் பொறுத்தீர்கள், வாரம் முழுக்க யாருடைய பெயர் உங்கள் வாயில் வரவே இல்லை, லீடராக யாரை வைத்திருக்கிறீர்கள், ஏன் அவனையே வைத்திருக்கிறீர்கள், ஆபீசுக்கு சாக்பீஸ் எடுத்துவர யாரை அனுப்புகிறீர்கள். கடைசியில் சொன்னது அற்பமாகத் தெரியும். படிப்பு வராது என்று நாம் முடிவுகட்டிய பிள்ளைகள்தான் எப்போதும் எடுபிடி வேலைக்குப் போவார்கள், கவனித்துப் பாருங்கள்.

அப்புறம் நீங்கள் திருத்திய ஒரு கட்டுரை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். உதாரணத்துக்கு இப்படி ஒரு நோட்டு என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு, கடலோரத்துப் பையன், தலைப்பு 'என் ஊர்'. ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான். மாமா தூத்தூர் பக்கத்துப் படகில் ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும், கிளம்புவதற்கு முன்னால் அறையில் ஐஸ் கட்டியை எப்படி அடுக்குவார்கள், 2017ல் ஒக்கி புயல் அடித்தபோது பாட்டி வீட்டுக்கே வராமல் கோயில் முற்றத்தில் இருந்ததை அம்மா இப்போதும் சொல்லுவாள், இதெல்லாம் அதில் இருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மை: 'ஏரி' என்று எழுதிய 'ஏறி'யைச் சுற்றி ஒரு வட்டம், 'பளகை'யைச் சுற்றி ஒரு வட்டம், புள்ளி விட்ட இடங்களிலெல்லாம் வட்டம், கீழே 'கையெழுத்தைத் திருத்து', அதன்கீழ் கையொப்பம், தேதி. ஐஸ் அடுக்குவதைப் பற்றியோ பாட்டியைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது.

அந்த மை என்ன சொல்கிறது? எழுதுவது என்றால் பிழையில்லாமல் எழுதுவது, அவ்வளவுதான் என்கிறது. அது முழுக்கத் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பத்தாம் வகுப்பில் பிழைக்கு மார்க் போகும், அதை யாராவது சொல்லித்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அது ஒரு நம்பிக்கை என்பதும், அதை வைத்திருப்பது நீங்கள்தான் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "பிள்ளை சொல்ல வந்ததைவிட எழுத்துப்பிழை முக்கியம் என்று நம்புகிறேன்" என்று முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். கூசாமல் எழுத முடிந்தால் அது உங்களுடையதுதான், வைத்துக்கொள்ளுங்கள். கூசினால் வேலை தொடங்கிவிட்டது.

ஒட்டிக்கொண்டு வந்தது எங்கிருந்து

குறித்து வைத்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது யாரிடமிருந்து வந்தது என்று எழுதுங்கள். உங்களை முட்டி போட வைத்த வாத்தியாரா, நோட்டில் 'நல்லது' என்று எழுதிய டீச்சரா, டியூஷன் சென்டரா, சர்ச்சா, ஆர்.எஸ்.எஸ். சாகாவா, கட்சியா, வீட்டில் அப்பாவா. சிலவற்றுக்கு ஆள் கிடைக்கமாட்டார். அவை இந்த மாவட்டத்திலிருந்தே வந்தவை.

நம் ஊரில் படிப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் நம்முடைய தத்துவத்தை நாம் பிரித்தெடுக்க முடியாது. மக்கள் கல்விக்கான செலவை அரசே ஏற்கும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் 1817லேயே ஆணை போட்டார். காகிதத்தில் அருமையான ஆணைதான், ஆனால் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகளுக்கு ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளால் அரசுப் பள்ளி வாசலை மிதிக்க முடியவில்லை. மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயும் அவருக்குப் பின்னால் நாகர்கோவிலில் மீடும் மற்ற மிஷனரிகளும் திறந்த பள்ளிகளில்தான் பலருடைய கொள்ளுத்தாத்தாக்கள் எழுத்தைப் பார்த்தார்கள். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தலையில் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நில் என்று சொன்னதும் அதே காலத்தில்தான். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோளில் சேலை போடுவதற்கே பல ஆண்டு போராடி, 1859ல் அரசாணை வாங்க வேண்டியிருந்த ஊர் இது. அப்படிப்பட்ட இடத்தில் படிப்பு என்பது வேலைக்கான சான்றிதழ் மட்டுமாக ஒருபோதும் இருந்ததில்லை, குனிந்த இடத்திலிருந்து தப்பித்து வெளியேறும் வழியாக இருந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலாவதாக நாம் நிற்பதற்கு இந்த வேகமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதன் மறுபக்கமும் நம்மிடம் இருக்கிறது. படித்தால் ஊரை விட்டுப் போகலாம், போகாதவன் படிக்காதவன் என்ற நினைப்பு. நர்சிங் படித்து வெளிநாடு போன பிள்ளை பெயரை ப்ரேயரில் சொல்லுவோம், ஐ.டி.ஐ. முடித்து மார்த்தாண்டத்தில் ஒர்க்‌ஷாப் வைத்து நாலு பேருக்கு வேலை கொடுப்பவன் பெயரைச் சொல்லமாட்டோம். இது எந்தத் தத்துவஞானியும் சொன்னதில்லை, ஆனால் நம் ஸ்டாஃப் ரூமை ஆளுகிற தத்துவம் இதுதான்.

இப்போது புத்தகம், ஆனால் ஒரு பிள்ளையோடு

தத்துவஞானிகளைப் படிக்கும்போது நாம் செய்கிற தப்பு, யார் சொன்னது சரி என்று தேடுவது. அப்படித் தேடினால் படிக்கப் படிக்க எல்லோருமே சரியாகத்தான் தெரிவார்கள். உங்கள் வகுப்பில் உங்களுக்குத் தலைவலியாக இருக்கும் ஒரே ஒரு பிள்ளையை அழைத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள்.

நான் அழைத்துப் போவது குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் எட்டாம் வகுப்புப் பெண்ணை. ஒரே ஒரு பிள்ளை என்று நினைக்க வேண்டாம், அந்தப் பக்கம் வேலை பார்த்த யாருக்கும் இப்படி ஒருத்தியைத் தெரிந்திருக்கும். அப்பாவும் அம்மாவும் விடிவதற்கு முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும், அதனால் அந்த நேரத்தை மாற்ற முடியாது. தம்பியை எழுப்பிக் குளிப்பாட்டி, பழஞ்சோறு கொடுத்து, அங்கன்வாடி திறக்கும்வரை நின்று அவனை விட்டுவிட்டு, பஸ் போயிருந்தால் நடந்து வருவாள். "எனக்க தம்பிய விட்டுட்டு வந்தேன் சார்" என்பாள், தினமும் அதே வாக்கியம். வருகைப் பதிவேட்டைக் கொஞ்சம் பொறுமையாகப் புரட்டினால் ஒன்று தெரியும்: நல்ல மழை பெய்கிற நாளில் அவள் முதல் மணிக்கே வந்திருப்பாள், ஏனென்றால் அன்றைக்கு வெட்டு கிடையாது, அம்மா வீட்டில் இருப்பாள்.

மாண்டிசோரியிடம் இவளைக் கொண்டுபோனால் அவர் முதலில் தம்பியைத்தான் கேட்பார் என்று தோன்றுகிறது. 1907ல் ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லமே, அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போனபின் கட்டிடத்தில் தனியாகத் திரிந்த குழந்தைகளுக்காக, அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே அமைந்தது. இன்றைக்கு அந்தப் பெயரில் நம் ஊரில் ஃபீஸ் வாங்குகிற பள்ளிகளைப் பார்த்தால் இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். (அவர் 1939ல் சென்னை அடையாறுக்கே வந்தார், போர் வருடங்களில் கொடைக்கானலிலும் இருந்தார். அவ்வளவு பக்கத்தில் வந்த ஒருவரைப் பற்றி நாம் படித்தது ஐந்து மார்க் அளவுக்குத்தான்.)

டூயி 1896ல் சிகாகோவில் நடத்திய பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், அதிலிருந்து கணக்கும் அறிவியலும் வந்தன. காலை ஆறு மணியிலிருந்து ஒரு வீட்டை ஓட்டிவிட்டு வருகிறவளுக்கு ஏற்கெனவே தெரிந்தது என்ன, அதை வகுப்பு எப்படிப் பயன்படுத்தியது என்று அவர் கேட்பார். கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே வேறு இடத்தில் கை வைப்பார். 1963ல் பிரேசிலின் அங்கிகோஸில் சுமார் 300 கூலித் தொழிலாளர்களுக்கு ஏறக்குறைய 40 மணி நேரப் பாடத்தில் எழுத்தறிவித்தபோது, அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்தே தொடங்கினார். பள்ளி தொடங்கும் இந்த நேரத்தை வைத்தது யார், அவளிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். பாடநூல் பட்டியலில் காமராஜர் வரமாட்டார், நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கேட்பது ஒன்றுதான், பிள்ளை சாப்பிட்டதா. 1969லிருந்து நாகர்கோவிலின் எம்.பி.யாக இருந்தவர், நமக்கு உரிமை அதிகம்.

காந்தியைக் கடைசியில் வைத்தேன், காரணம் இருக்கிறது. 1937ல் வார்தா மாநாட்டில் அவர் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் என்றது. அதைப் படித்ததும் நம்மைப் போன்றவர்களுக்கு உற்சாகம் வந்துவிடும். ரப்பரையே பாடமாக்கலாமே! நிஜமாகவே நன்றாக வரும். பாலில் 30லிருந்து 40 விழுக்காடுவரைதான் ரப்பர், மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். 35 விழுக்காடு என்று வைத்தால் 20 லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 7 கிலோ ஷீட், அதைக் கிலோ விலையால் பெருக்கு, மரத்திலேயே உறைந்துபோகிற ஒட்டுப்பாலுக்குத் தனி விலை. விழுக்காட்டுப் பாடம் முழுவதையும் இதிலேயே நடத்திவிடலாம். பால் உறைய ஏன் ஃபார்மிக் ஆசிட் ஊற்றுகிறார்கள் என்று கேட்டால் அமிலப் பாடத்துக்கு வாசல் திறந்துவிடும்.

ஆனால் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பெற்றோர் கூட்டத்தில் பார்த்து இதைச் சொல்லிப் பாருங்கள். "அவ பால் வெட்டப் போகாண்டாம்னுதானே சார் பள்ளிக்கூடத்துக்கு விடுகேன், அங்கயும் அதுவா?" என்பார். இதற்கு நம்மிடம் சுலபமான பதில் கிடையாது. 1953ல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, பெரும் எதிர்ப்பு வந்து, 1954ல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. அப்போது நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம், 1956 நவம்பர் 1ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், ஆகவே அந்தத் திட்டம் நம் ஊருக்கு வரவில்லை. ஆனால் அந்தப் பயம் நம் ஊருக்குப் புதிதல்ல, மேலே சொன்ன கதை முழுவதும் அதுதான்.

இப்படி இரண்டு நல்ல எண்ணங்கள் நேருக்கு நேர் மோதுகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். உங்கள் தத்துவம் அங்கேதான் கிடைக்கும், மற்ற இடங்களில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். என்னுடைய முடிவை மட்டும் சொல்கிறேன், நீங்கள் ஏற்க வேண்டிய அவசியமில்லை: வீட்டுத் தொழில் வகுப்புக்குள் வரலாம், ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்காக மட்டும் வரக்கூடாது. ரப்பர் கணக்கை டாக்டர் மகனும் போட வேண்டும், தோவாளைப் பூச்சந்தை விலையைக் கடற்கரைப் பையனும் போட வேண்டும், அவன் மாமா படகின் டீசல் கணக்கைத் தோட்டத்துப் பெண் போட வேண்டும். அப்புறம் அவள் சொன்ன விடை தப்பாக இருந்தால், ரப்பர் வீட்டுப் பிள்ளைக்கே தெரியவில்லையா என்று யாரும் சிரிக்க விடக்கூடாது. இவ்வளவையும் அந்த அம்மாவிடம் சொல்லிப் பார்த்து, அவர் அப்போதும் வேண்டாம் என்றால் நான் பூச்சந்தையோடு நிறுத்திக்கொள்வேன்.

எழுதுவது

அரைப் பக்கம் போதும், தமிழில் எழுதுங்கள். ஆங்கில வழிப் பள்ளியில் வேலை பார்த்தாலும் முதலில் தமிழில். 'முழுமையான', 'மாணவர் மைய', 'மதிப்புசார்' போன்ற அடைமொழிகளைத் தொடாதீர்கள், அவை வந்த வாக்கியத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் நீங்கள் செய்யப்போவது ஒன்றும் அதற்காக நீங்கள் இழக்கப்போவது ஒன்றும் இருக்க வேண்டும்.

"எல்லா மாணவர்களையும் சமமாக நடத்துவேன்" என்பதில் நஷ்டம் எதுவும் இல்லை, எனவே பயனும் இல்லை. "கேள்வி கேட்டபின் கடைசி பெஞ்சுக்காரர் வாயைத் திறக்கும்வரை காத்திருப்பேன், அதனால் போர்ஷன் ஒரு வாரம் பின்தங்கினால் பரவாயில்லை" என்பதில் இருக்கிறது, ஹெச்.எம். கேட்பார் என்பதும் இருக்கிறது. "கட்டுரை நோட்டில் முதல் வாசிப்பில் சொன்ன விஷயத்துக்குப் பதில் எழுதுவேன், பிழை இரண்டாவது வாசிப்பில், நோட்டு திரும்பக் கொடுக்க நாலு நாள் கூட ஆகும்." இது பரவாயில்லை. "லேட்டாக வந்தால் முதலில் உட்காரச் சொல்வேன், காரணத்தைத் தனியாக அப்புறம் கேட்பேன், இதைச் சாக்காக வைத்து இரண்டு பேர் ஏமாற்றுவார்கள், ஏமாற்றட்டும்." இதுவும் நல்ல வாக்கியம்.

சில விஷயங்களுக்குத் தத்துவமே தேவையில்லை. அடிக்கலாமா என்று யோசித்து ஒரு நிலைப்பாடு எடுக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு அடிப்பதையும் மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்கிறது, முடிந்தது. 28வது பிரிவு நாம் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது, அதுவும் முடிந்தது. (பின்னது பற்றிப் பேசினால் ஸ்டாஃப் ரூம் அமைதியாகிவிடும்.)

சோதித்துப் பார்ப்பது

எழுதிய தாளை மூன்று பேரிடம் காட்டலாம். முதலாவது உங்களோடு ஒத்துப்போகாத சக ஆசிரியர், ரிசல்ட்தான் முக்கியம் என்று சொல்கிற ஆள் ஒருவர் எல்லாப் பள்ளியிலும் இருப்பார். அவரைக் கிண்டல் செய்வது சுலபம், ஆனால் மீனவர் வீட்டிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ வரும் பிள்ளைக்கு அந்தப் பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்டைத் தவிரக் கையில் வேறு ஒன்றும் கிடையாது என்று அவர் சொன்னால் அதற்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஓர் அம்மா. சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஆனால் பல ஊர்களில் கையெழுத்துக்கு மட்டும்தான் கூப்பிடுகிறோம். தாளை வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத வாக்கியம் உங்களுக்கும் புரிந்திருக்காது.

மூன்றாவது பிள்ளைகள். அவர்களிடம் தாளைக் காட்ட வேண்டாம், "இந்த வகுப்பில் சாருக்கு எது ரொம்ப முக்கியம்?" என்று பெயர் போடாமல் ஒரு துண்டுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். "அமைதி" என்று பாதி வகுப்பு எழுதியிருந்தால், நீங்கள் அரைப் பக்கத்தில் சிந்தனைச் சுதந்திரம் என்று எழுதியதை அவர்கள் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மார்ச் மாதத்தில் இந்தத் தாளை எடுத்து ஒருமுறை படியுங்கள். ஜூன் மாத நல்லெண்ணத்தில் எழுதியது பொதுத்தேர்வு நெருக்கத்தில், சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) மீட்டிங்கில் தேர்ச்சி விழுக்காடு கேட்கும் நாளில், மெல்லக் கற்பவர் பட்டியல் தயாரிக்கச் சொல்லும் நாளில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரியும். மிஞ்சாத வரிகளை அடித்துவிடுங்கள், அல்லது விலையைத் திருத்தி எழுதுங்கள். கலந்தாய்வில் மலைப் பக்கத்திலிருந்து கடற்கரைக்கு மாறுதல் கிடைத்தால் முதல் பருவம் முடியும்வரை புதிதாக ஒன்றும் எழுதாமல், மறுபடி கடைசிப் பக்கக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள். அங்கே லேட்டாக வருவதற்கு வேறு காரணம் இருக்கும், பழைய வரி அப்படியே பொருந்தாது. பழைய தாள்களைக் கிழிக்காமல் வருடம் போட்டு ஒரு ஃபைலில் வையுங்கள்.

தனியார் பள்ளி இன்டர்வியூவில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும், பெரும்பாலும் டெமோ கிளாஸ் முடிந்தபின் கேட்பார்கள். அரைப் பக்கத்தை ஒப்பிக்காதீர்கள், எவர் பெயரையும் சொல்லாதீர்கள். ஒரே ஒரு பிள்ளை, ஒரே ஒரு முடிவு, அதனால் என்ன போயிற்று, ஏன் மறுபடியும் அப்படியே செய்வேன், இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். குறுக்குக் கேள்வி வந்தால் நல்லது, அவர்கள் நிஜமாகவே கேட்கிறார்கள். "ஓகே சார், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க" என்று தாண்டிப் போனால் அந்தப் பள்ளியின் தத்துவமும் உங்களுக்குத் தெரிந்துவிடும், அதையும் கணக்கில் வைத்துத் தொகையைச் சொல்லுங்கள்.